புரட்டாசி முதல் மார்கழி வரை: செட்டிநாட்டுத் தொடக்கப் பள்ளிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கும் அரையாண்டு விடுமுறை விடுவதற்கும் இடைப்பட்ட மூன்று மாதங்கள்தாம், நம் பகுதியில் சிறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளுக்கு ஆண்டிலேயே நெருக்கடியான காலம். வடகிழக்குப் பருவமழை, காய்ச்சல், குருபூசை நாள்களின் போக்குவரத்து மாற்றம், தீபாவளி, கார்த்திகை, இரண்டாம் பருவத் தேர்வு ஆகிய அனைத்தும் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன.

இந்தக் காலத்தில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை, பள்ளி சொன்ன செய்தி பிள்ளையை உண்மையில் கவனித்துக்கொள்பவரைச் சென்று சேராததால் எழுபவை என்பது என் கணிப்பு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ, தாய் வேலைக்குச் செல்பவராகவோ இருக்க, பிள்ளை அப்பத்தாவின் (தந்தையின் தாய்) பொறுப்பிலோ ஆயாவின் (தாயின் தாய்) பொறுப்பிலோ வளர்வது இயல்பான ஒன்று. பள்ளிப் பதிவேட்டில் இருப்பதோ தந்தையின் எண். ஆகவே இந்த வழிகாட்டி குடையிலோ மழைச் சட்டையிலோ தொடங்காமல், தொலைபேசி எண்ணில் தொடங்குகிறது.

முதல் படி: தொடர்பு விவரங்களைச் சரிசெய்தல்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைச் சந்தித்து, பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடான எமிஸில் உள்ள கைப்பேசி எண் இன்னும் பயன்பாட்டில் உள்ளதா, அது யாருடைய கையில் உள்ளது என்பதைச் சரிபார்க்க வேண்டும். காரைக்குடியில் காலை ஆறரை மணிக்கு மழை விடுமுறை அறிவிக்கப்படும்போது சிங்கப்பூரில் மணி ஒன்பது; தந்தை அப்போது பணியிடத்தில் இருப்பார், கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு உள்ளே சென்றிருக்கவும் கூடும். அவர் மதிய உணவு இடைவேளையில் செய்தியைப் பார்த்து வீட்டிற்கு அழைக்கும்போது, பிள்ளை பூட்டிய பள்ளிக் கதவைப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பியிருக்கும். எனவே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டில் இருப்பவரின் எண் கட்டாயம் இடம்பெற வேண்டும். அப்பத்தாவிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி என்றால், அதே தெருவில் உள்ள இன்னொரு மாணவரின் பெற்றோரிடம் பேசி, ஒவ்வொரு செய்தியையும் அவர் வாய்மொழியாகச் சொல்லிவிடும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆசிரியரிடமும் அந்த ஏற்பாட்டைத் தெரிவித்துவிடுவது நல்லது.

அடுத்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்ல உரிமை உள்ளவர்கள் யார் யார் என்று இரண்டு அல்லது மூன்று பெயர்களை, உறவுமுறையுடனும் கைப்பேசி எண்ணுடனும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். நண்பகலில் மழை வலுத்துப் பள்ளியை முன்கூட்டியே விடும் நாள்களில், யார் வந்து கூப்பிட்டாலும் பிள்ளையை அனுப்பிவிட ஆசிரியராலும் இயலாது; யாரும் வராத பிள்ளையை வைத்துக்கொண்டு மாலை வரை காத்திருப்பதும் கடினம். "அம்மான் வந்திருக்கிறார்" என்று பிள்ளை சொல்லும் அம்மான், தாளில் உள்ள அம்மான்தானா என்பதை ஆசிரியர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள இத்தாள் உதவும். ஆட்டோ அல்லது வேன் ஓட்டுநர் மாறினால் அன்றே அந்தத் தாளையும் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இதே சந்திப்பில் ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் கேட்டு முடித்துவிடலாம். ஐந்து வயது நிறைவடைந்த பிள்ளைக்குக் கைரேகையும் கருவிழிப் பதிவும் ஆதாரில் சேர்க்கப்பட வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த அட்டையில் அவை இரா. 2024 முதல் பள்ளிகளிலேயே ஆதார் பதிவு முகாம்கள் நடத்தப்படுவதால், தங்கள் ஒன்றியத்தில் அடுத்த முகாம் எப்போது என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டால் போதும். மாணவியருக்கான ஊக்கத்தொகை பெறும் குடும்பங்கள், கணக்கு செயல்பாட்டில் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: இரண்டாம் பருவப் பாடநூல்களும் பிள்ளையின் நிலையும்

தொடக்க வகுப்புகளுக்கு முப்பருவ முறை என்பதால் காலாண்டு விடுமுறைக்குப் பின் புதிய பாடநூல்கள் வழங்கப்படும். அவற்றுக்கு அன்றே தாள் அட்டை போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் இட்டுவிட்டால் கார்த்திகை வரை தாங்கும். முதல் பருவ நூல்களை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். கணக்கில் முதல் பருவத்தில் விட்ட இடத்திலிருந்தே இரண்டாம் பருவம் தொடரும். தடுமாறும் பிள்ளைக்குப் பழைய நூல் தேவைப்படும்.

அரசுப் பள்ளிகளில் 2022–23 கல்வியாண்டில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் வயதையோ வகுப்பையோ மட்டும் கொண்டு பார்க்கப்படாமல், அரும்பு, மொட்டு, மலர் என்னும் ஏறுவரிசைக் கற்றல் நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்படுகிறார்கள். தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதைவிட, தமிழில் எந்த நிலை, ஆங்கிலத்தில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை என்று மூன்றையும் தனித்தனியே கேட்பதால் கிடைக்கும் விடை பயனுள்ளதாக இருக்கும். தமிழில் மலரில் இருக்கும் பிள்ளை கணக்கில் அரும்பில் இருக்கக் கூடும். அந்த விடையைக் கேட்டதும் டியூஷன் தேடி ஓட வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டிற்குப் பின் பத்து நிமிடம், ஆயாவின் மளிகைக் கணக்கைக் கூட்டிச் சொல்லச் செய்தாலே ஓரிலக்கக் கூட்டல் நன்றாகப் பழகிவிடும்.

நவராத்திரியையும் இங்கேயே கணக்கில் கொள்ள வேண்டும். சரசுவதி பூசையன்று அடுக்கப்படும் நூல்களை விசயதசமிக் காலையில் எடுத்துப் படிக்கும் வரை தொடுவதில்லை என்பதைப் பிள்ளைகள் நம்மைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள். விடுமுறை வீட்டுப்பாடம் முடியாத கணக்கு நோட்டு முதல் ஆளாகப் பூசையில் போய் அமர்ந்துகொள்ளும். ஆகவே விடுமுறைப் பணிகளை ஆயுத பூசைக்கு முந்தைய நாளுக்குள் முடிக்கத் திட்டமிட வேண்டும். விசயதசமியன்று அரிசியில் எழுத்தறிவித்துப் பள்ளியில் சேர்க்க விரும்பும் வீடுகள், பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஒளிப்படம் ஆகியவற்றை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: பள்ளிக் கட்டடத்தை மழைக்கு முன் பார்த்தல்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முன்பாக அக்டோபர் 2 காந்தி பிறந்த நாளில் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. மீண்டும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் கூடுகிறது. பள்ளிக் கூரையில் ஒழுகல், கழிப்பறைச் சுவரில் விரிசல், விளையாட்டுத் திடலில் நீர்த்தேக்கம், நுழைவாயிலின் அருகே தாழ்ந்து தொங்கும் மின்கம்பி போன்ற எதுவாயினும், முதல் கூட்டத்தில் எழுத்து வடிவில் மனுவாகக் கொடுத்து, இரண்டாம் கூட்டத்தில் அது என்னவாயிற்று என்று கேட்பதற்கு இந்த இரு நாள்களும் மிகப் பொருத்தமாக அமைந்துள்ளன. காரைக்குடி இப்போது மாநகராட்சி; அங்கே வசிப்பவர்கள் வார்டு உறுப்பினரையும் மாநகராட்சி அலுவலகத்தையும் அணுக வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். குழுவில் இல்லாத பெற்றோரும் உறுப்பினர் ஒருவரிடம் குறையைச் சொல்லித் தீர்மானத்தில் சேர்க்கச் செய்யலாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பின்னரே, மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்யும் பணி விரைவு பெற்றது. சுவரில் விரல் நுழையும் அளவு பிளவு இருந்தால், அதைக் கைப்பேசியில் படமெடுத்துத் தேதியுடன் மனுவில் இணைக்க வேண்டும். படம் இணைக்கப்பட்ட மனுவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

நான்காம் படி: போகும் வழியும் பைக்குள் இருப்பதும்

மழை தொடங்குவதற்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளையுடன் வீட்டிலிருந்து பள்ளிவரை நடந்து பார்க்க வேண்டும். இரு சக்கர வாகனத்தில் செல்லும்போது கண்ணில் படாதவை நடக்கும்போதுதான் தெரியும். திறந்த சாக்கடை, மூடியற்ற கிணறு, சாய்ந்த மின்கம்பம், பாழடைந்த மதில், தெருநாய்கள் கூடும் மூலை ஆகியவற்றைப் பிள்ளையே அடையாளம் காட்டட்டும். மழை நீர் தேங்கினால் எந்தத் தெரு வழியாகச் சுற்றி வர வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடலாம்.

நம் பகுதியின் பெரிய ஆபத்து நீர்நிலைகள். கோடை முழுவதும் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக விளையாடிய கண்மாய், ஐப்பசியில் நிறைந்துவிடும். அதில் வண்டல் மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும்; முழங்கால் அளவு நீரில் நடந்து வரும் பிள்ளைக்கு அடுத்த காலடியில் ஆள் மூழ்கும் ஆழம் காத்திருக்கும். கோடையில் தரையைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனெனில் அந்த இடம் தனக்குத் தெரியும் என்று அது நம்புகிறது. ஊருணிகளின் செம்பாறாங்கல் படிகளில் மழைக்காலத்தில் பாசி படர்ந்து, கால் வைத்த இடத்திலேயே வழுக்கும். மழை விடுமுறை நாளில் மழை நின்றுவிட்டால் மாலையில் பிள்ளைகள் கூட்டமாகத் தண்ணீர் பார்க்கப் போவார்கள். பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் கண்மாய்க்கரைக்கும் ஊருணிக்கும் போகக் கூடாது என்பதைக் கட்டாய விதியாக வைக்க வேண்டும். நண்பன் நீரில் விழுந்தால் பின்னால் குதிக்காமல், கத்திக் கூப்பிட்டு, துண்டையோ கம்பையோ கரையில் இருந்தபடி நீட்ட வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதுடன், வீட்டு முற்றத்தில் ஒரு முறை செய்தும் காட்ட வேண்டும்.

இடி முழக்கம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தொலைவில் இருக்கிறது என்று பொருள். திறந்த பொட்டலிலும் பனைமரம், புளியமரம் ஆகியவற்றின் அடியிலும் நிற்காமல், கட்டடத்திற்குள்ளோ பேருந்துக்குள்ளோ சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே வரக் கூடாது. செம்மண் வெளியில் ஒற்றைப் பனை நிற்கும் பாதைகள் இங்கே பல உள்ளதால், இதைப் பொதுவாகச் சொல்வதோடு நில்லாமல், நடந்து பார்க்கும் அந்தச் சனிக்கிழமையன்றே "இடி இடித்தால் இந்த வீட்டுக்குள் போய்விடு" என்று இடத்தைக் காட்டிவிட வேண்டும். மாலையில் பூட்டியிருக்கும் வீட்டைவிட ஆள் இருக்கும் வீட்டைத் தேர்ந்தெடுப்பது முக்கியம்.

பையைப் பொறுத்தவரை, ஓர் உலர்ந்த சட்டையும் உள்ளாடையும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் சுற்றி அடியில் வைத்துவிடலாம். ஈர உடையைக் கொண்டுவரவும் அதே பை உதவும். இரு சக்கர வாகனத்தில் செல்லும் பிள்ளைக்குக் குடை ஆகாது; மழைச் சட்டையே ஏற்றது. சீருடை உலர இரண்டு நாள் ஆகும் பருவம் என்பதால், மாற்றுச் சீருடை இல்லாத நாளில் வண்ண உடையில் அனுப்பலாமா என்பதை ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்வது, ஈரச் சட்டையை மாட்டி அனுப்புவதைவிட மேல். வாசலில் கழற்றி வைத்த காலணிக்குள் தேள் புகுந்திருக்கக் கூடும் என்பதால், தட்டிவிட்டு அணியும் பழக்கம் வேண்டும்.

காலை உணவுத் திட்டம் நடைபெறும் பள்ளிகளில், மழையால் பேருந்து தாமதமாகும் நாளில் பிள்ளை காலை உணவைத் தவறவிட்டு மதியம் வரை வெறும் வயிற்றில் இருக்க நேரிடும். அத்தகைய நாள்களில் வீட்டிலேயே இரண்டு இட்லியாவது கொடுத்து அனுப்ப வேண்டும். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிய பின்னரே புட்டியில் நிரப்ப வேண்டும்.

ஐந்தாம் படி: மழை விடுமுறைச் செய்தியைச் சரியாகப் படித்தல்

மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். செட்டிநாடு இரு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் அறிய மாட்டார்கள். நாமும் சில நேரம் மறந்துவிடுகிறோம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஆகியவை சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருமயம், அரிமளம், ராயவரம், கோனாபட்டு ஆகியவை புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவை. வீடு ஒரு மாவட்டத்திலும் பள்ளி மறு மாவட்டத்திலும் இருக்கும் குடும்பத்திற்குப் பள்ளி இருக்கும் மாவட்டத்தின் அறிவிப்பே பொருந்தும். பெரியப்பா மகனுக்கு விடுமுறை என்பதால் தனக்கும் விடுமுறை என்று பிள்ளை அடம்பிடிக்கும் காலை வேளைகள் இந்த எல்லைக் கிராமங்களில் புதியவை அல்ல.

வாட்ஸ்அப்பில் வரும் விடுமுறை அட்டையை நம்புவதற்கு முன் நான்கு விவரங்களைப் படிக்க வேண்டும். முதலாவது தேதி, ஆண்டுடன். சென்ற ஆண்டின் அட்டை ஒவ்வொரு ஐப்பசியிலும் மறுபடியும் சுற்றுக்கு வரும். இரண்டாவது மாவட்டம். மூன்றாவது, பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்பது. அக்கா கல்லூரிக்குப் போகிறாள் என்பதால் தம்பிக்குப் பள்ளி உண்டு என்று முடிவு செய்யக் கூடாது. நான்காவது, மாவட்டம் முழுவதற்குமா, குறிப்பிட்ட வட்டங்களுக்கு மட்டுமா என்பது. இவற்றுள் ஒன்று தெளிவாக இல்லையென்றாலும், ஆட்சியரின் அதிகாரபூர்வச் சமூக வலைத்தளப் பக்கத்தையோ தொலைக்காட்சிச் செய்தியையோ பார்த்து உறுதி செய்ய வேண்டும். அறிவிப்பு இரவிலேயே வருவதும் உண்டு, காலை ஏழு மணிக்கு வருவதும் உண்டு. மழை இரவுக்கு மறுநாள் காலையில் பிள்ளையைக் கிளப்பிவிட்டு, செய்தி பார்த்த பின்னரே வெளியே அனுப்புவது பாதுகாப்பானது. அறிவிப்பு இல்லாதபோதும் தங்கள் தெருவில் மட்டும் வெள்ளம் சூழ்ந்திருந்தால், ஆசிரியரிடம் தெரிவித்துவிட்டு வீட்டில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்காக எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

விடுபட்ட நாள்களை ஈடுசெய்யச் சனிக்கிழமைகளில் பள்ளி நடைபெறுவது வழக்கம் என்பதால், நவம்பர், டிசம்பர் மாதச் சனிக்கிழமைகளில் வெளியூர்த் திருமணங்களுக்குப் பயணச்சீட்டு எடுக்கும் முன் ஆசிரியரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ள வேண்டும். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், திடீர் விடுமுறையன்று பிள்ளை யார் வீட்டில் இருக்கும் என்பதும் முன்பே முடிவாகியிருத்தல் வேண்டும். வெள்ளம் தொடர்பான அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அறுந்து கிடக்கும் மின்கம்பியை அருகே செல்லாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

ஆறாம் படி: காய்ச்சல்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சாக்கடையைவிடச் சுத்தமான தேங்கு நீரையே நாடுவது. முட்டை கொசுவாகப் பொதுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. ஆகவே வாரம் ஒரு நாள் எல்லாப் பாத்திரங்களையும் காலி செய்தால் அந்தச் சங்கிலி அறுபடும். நம் வீடுகளில் முற்றத்துத் தகரத் தூம்பிலிருந்து அண்டாவில் மழை நீர் பிடிப்பது நெடுநாள் வழக்கம். அந்த அண்டாவை வெள்ளைத் துணியால் இறுகக் கட்டி மூடியிருந்தால் கேடில்லை. வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் திறந்தபடி விட்ட கல்தொட்டியும், பயன்படாத உரல் குழியும், மாடியில் கவிழ்க்காமல் கிடக்கும் பெயிண்ட் வாளியுமே கொசுவை வளர்ப்பவை. கொசுவின் முட்டை ஈரம் வற்றிய பின்னும் பல மாதம் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும் என்பதால், நீரை ஊற்றிவிட்டால் போதாது. நாரைக் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதைவிடக் கடினமானது பூட்டிக் கிடக்கும் வீடு. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் பெரிய வீடுகள், பங்காளிகள் கூடும் நாள்களில் மட்டும் திறக்கப்பட்டு, மற்ற நாள்களில் முற்றத்திலும் மாடியிலும் மழை நீரைத் தேக்கிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த பின் சுவரை எட்டிப் பார்ப்பதைவிட, புரட்டாசியிலேயே சாவி வைத்திருப்பவரைக் கண்டு, தூம்பு அடைப்பை நீக்கி, முற்றத்து வடிகாலைத் திறந்துவிடச் சொல்ல வேண்டும். உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்தால், "ஆச்சி, வளவில் தண்ணீர் நிற்கிறது, ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று சொன்னாலே பெரும்பாலும் வேலை நடந்துவிடும். நடக்காவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் சுகாதாரப் பிரிவுக்குப் புகார் அளிக்கலாம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவர் சொன்னபடி கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூபன் ஆகியவை டெங்குவில் இரத்தக் கசிவை மிகுதியாக்கும் என்பதால் மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. முதல் ஐந்து நாள்களுக்குள் என்.எஸ்.1 என்னும் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியவரும்; அதன்பின் வேறு பரிசோதனை தேவைப்படும். வீட்டுப் பெரியவர்கள் பலரும் அறியாத ஒன்று, ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் தணியும்போது தொடங்குகிறது என்பது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் சூடு குறைந்து, "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று அப்பத்தா ரசச் சோறு பிசையும் அதே நேரத்தில், கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், கை கால் சில்லிடுதல், பிள்ளை துவண்டு படுத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் எண் 108. நிலவேம்புக் குடிநீர் கொடுக்கும் வீடுகள் அதைக் கொடுக்கட்டும், ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகிவிடக் கூடாது.

மருந்து இல்லாமலேயே ஒரு முழு நாள் காய்ச்சலின்றி இருந்த பின்னரே பிள்ளையை வகுப்புக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ஐ, தக்காளிக் காய்ச்சல், அம்மை ஆகியவற்றுக்கும் மருத்துவர் சொல்லும் வரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, என்ன நோய் என்பதை ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தடுப்பூசியைப் பொறுத்தவரை, 5 முதல் 6 வயதுக்குள் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணசன்னி) இரண்டாம் ஊக்கத் தவணையும், 10 வயதில் டி.டி. (Td: இரணசன்னி, தொண்டை அடைப்பான்) தவணையும் உள்ளன, ஒன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் தங்கள் அட்டையைப் பார்த்துக்கொள்ளவும்.

ஏழாம் படி: அக்டோபர் 24, 27, 30

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அந்த நாளின் நினைவு திருப்பத்தூரிலும், அக்டோபர் 27 அன்று அவர்களின் குருபூசை காளையார்கோவிலிலும், அக்டோபர் 30 அன்று முத்துராமலிங்கத் தேவர் குருபூசை பசும்பொன்னிலும் நடைபெறுகின்றன. இந்நாள்களில் சிவகங்கை மாவட்டச் சாலைகளில் வாகனத் தடமாற்றமும் காவல் கட்டுப்பாடுகளும் இருக்கும். சில ஆண்டுகளில் குறிப்பிட்ட ஒன்றியங்களின் பள்ளிகளுக்கு உள்ளூர் விடுமுறையும் அறிவிக்கப்படும். தொலைவிலிருந்து பேருந்திலோ வேனிலோ வரும் பிள்ளைகளின் பெற்றோர், முந்தைய நாளே ஓட்டுநரிடம் மாற்றுவழியையும் திரும்பும் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

எட்டாம் படி: தீபாவளி

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையுமே பட்டாசு வெடிக்க நேரம் ஒதுக்கப்பட்டு வருகிறது. சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்கும் கம்பி மத்தாப்பும் கடுமையான தீக்காயம் தரக்கூடியது. அதன் நுனி வெப்பம் 1000 டிகிரி செல்சியசைத் தாண்டும். எரிந்து முடிந்த கம்பியைத் தரையில் எறியாமல் மணல் வாளியில் குத்தி வைக்கப் பழக்கினால் வெறுங்காலில் மிதிக்கும் விபத்து நேராது. பருத்தி உடை, மூடிய காலணி, அருகில் ஒரு வாளி நீர், வைக்கோல் போரிலிருந்து விலகிய இடம் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் பிடிக்க வேண்டும். பற்பசை, மை, மாவு எதையும் தடவக் கூடாது.

பட்டாசைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும்போது பிள்ளைகளிடம் எடுத்துக்காட்டத் திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் இருக்கின்றன. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சிவிடும் என்பதற்காக அவ்வூர் மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை; வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுகின்றனர். அங்கே ஒரு நாள் கூட்டிச் சென்று கொக்கையும் நத்தைக்குத்தி நாரையையும் காட்டிவிட்டு வந்தால் ஆயிரம் முறை சொல்வதற்கு அது சமம்.

பலகாரத்தைப் பற்றி ஒரு சொல். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம் வகுப்பு முழுவதற்கும் கொடுத்தனுப்ப விரும்புவது நம் இயல்பு. வேர்க்கடலை போன்றவை ஒவ்வாத பிள்ளை எவரேனும் உண்டா என்று ஆசிரியரிடம் கேட்ட பின் அனுப்பலாம். தீபாவளிக்கு மறுநாள் பள்ளி இருந்தால் மதிய உணவில் எண்ணெய்ப் பலகாரத்தை விட்டுவிட்டு, ரசச் சோறும் பருப்புத் துவையலும் வைப்பதே வயிற்றுக்கு நல்லது.

ஒன்பதாம் படி: கார்த்திகை, நோன்பு, தேர்வு

திருக்கார்த்திகைக்கு விளக்கேற்றும் வீடுகளில் சிறுமியரின் பாவாடை நுனியைக் கவனிக்க ஒருவரை நிறுத்த வேண்டும். அதன்பின் இருபத்தொன்றாம் நாளில் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வருகிறது. இருபத்தொரு இழைத் திரி இட்டு ஏற்றிய மாவை எரியும் சுடருடன் வாயில் இடும் அந்த நிகழ்வுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கும். முதன்முறை இழை எடுக்கும் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் தம் கையால் கொடுப்பதே முறை. இந்த நோன்பு பல ஆண்டுகளில் அரையாண்டுத் தேர்வு நாள்களை ஒட்டியே அமைந்துவிடுவதால், கார்த்திகை தொடங்கும்போதே நாள்காட்டியில் நோன்பு நாளையும் தேர்வு அட்டவணையையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால், முந்தைய ஞாயிறன்றே திருப்புதலை முடித்துவிட்டு, நோன்பு இரவில் பிள்ளையைப் புத்தகத்துடன் தனி அறையில் அமர்த்தாமல் உறவினரோடு இருக்க விட்டுவிடலாம். அடுத்த நாள் தேர்வு என்றால் பத்து மணிக்குப் படுக்க வைத்தால் போதும்.

மழையால் தள்ளிவைக்கப்பட்ட தேர்வு வேறொரு நாளில் நடைபெறும்; அன்று வெளியூரில் இருக்க நேரிட்டால் விடுப்பு விண்ணப்பத்தை முன்கூட்டியே கையொப்பத்துடன் கொடுத்துவிட வேண்டும். விண்ணப்பத்தில் கையொப்பமிடுபவர் முதல் படியில் குறிப்பிட்ட தாளில் பெயர் உள்ளவராக இருத்தல் வேண்டும். தேர்வு முடிந்த நாளில் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் மாற்றம் உண்டா என்று ஆசிரியரிடம் மறுபடியும் ஒரு முறை கேட்டுவிட்டு, மூன்றாம் பருவப் பாடநூல்கள் எந்த நாளில் வழங்கப்படும் என்பதையும் குறித்துக்கொண்டு வரவும்.